நிலா விலகுது, போபோஸ் விழுது: போன் கால்குலேட்டர் வச்சு ஓத விசையை நீங்களே கணக்கு போடுறது எப்படி

இதுக்கு வேண்டியது ரொம்ப கம்மி. போன்ல இருக்கிற கால்குலேட்டர், ஒரு பேப்பர், ஒரு ஸ்டூல், ஒரு பச்சை முட்டை, ஒரு வேக வச்ச முட்டை, கட்டடம் கட்டுற இடத்துல கிடக்குமே கட்டுக்கம்பி, அதுல ஒரு முழம். இவ்ளோதான். கடைசி வரைக்கும் கூடவே கணக்கு போட்டுட்டு வந்தீங்கன்னா, ஒரு கோளையும் அதை சுத்துற நிலாவையும் யாராவது சொன்னா அந்த நிலா விலகிப் போகுமா, உள்ள விழுமா, எந்தப் பக்கத்தை காட்டும், உள்ளுக்குள்ள சூடாகுமான்னு ஓரளவுக்கு நீங்களே சொல்லிடலாம். நான் இதை கத்துக்கிட்டது ரொம்ப லேட்டா, அதனால யாருக்காவது சீக்கிரமா கிடைக்கட்டும்னுதான் எழுதுறேன்.

முதல்ல எல்லாரும் தடுக்கி விழுற இடத்துல இருந்து ஆரம்பிப்போம். கடல் ஏறி இறங்குறதுக்கு நிலாவோட ஈர்ப்புதான் காரணம்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். ஆனா சூரியன் நிலாவை விட சுமார் 2.7 கோடி மடங்கு எடை அதிகம். தூரம் 389 மடங்கு அதிகம். ஈர்ப்பு தூரத்தோட ஸ்கொயருக்கு குறையும், அப்போ 2.7 கோடியை 389 ஆல ரெண்டு தடவை வகுங்க. 178 வரும். அதாவது நிலா பூமியை இழுக்கிறதை விட சூரியன் 178 மடங்கு பலமா இழுக்குது! அப்புறம் எப்படி கடல் நிலா பேச்சை கேக்குது?

ஏன்னா ஓத விசைங்கிறது (ஓதம்னா கடல் இப்படி ஏறி இறங்குறது) இழுப்பு இல்ல, இழுப்புல இருக்கிற வித்தியாசம். பூமியோட நடுப்புள்ளியில இருந்து நிலா 3,84,400 கிமீ தூரம். நிலாவைப் பார்த்த பக்கம் இருக்கிற தரை அதை விட 6,370 கிமீ கிட்ட. 3,84,400 ஐ 3,78,030 ஆல வகுத்து ஸ்கொயர் பண்ணுங்க, 1.034 வரும். அந்தப் பக்கம் நடுவை விட 3.4 சதவீதம் கூடுதலா இழுபடுது. இதே கணக்கை சூரியனோட 14.96 கோடி கிமீக்கு போட்டா வித்தியாசம் வெறும் 0.0085 சதவீதம். இப்போ 178 ஐ 0.0085 ஆல பெருக்குங்க, 1.5. நிலாவுக்கு 3.4. அவ்ளோதான், சூரியனோட ஓதம் நிலாவோடதுல பாதிக்கும் கொஞ்சம் கம்மி. பக்கத்துல இருக்கிற சின்னது தூரத்துல இருக்கிற பெருசை ஜெயிக்குது. எனக்கு இந்த விடை முதல் தடவை பேப்பர்ல வந்தப்போ ராத்திரி பதினோரு மணி, மொட்டை மாடிக்கு ஏறிப்போய் நிலாவை கொஞ்ச நேரம் பார்த்துட்டு நின்னேன்.

எதிர்ப்பக்கத்துலயும் தண்ணி ஏறுதே ஏன்னு கேப்பீங்க. அங்க இருக்கிற தண்ணி பூமியோட நடுவை விட கம்மியா இழுபடுது, அதனால பூமி நிலா பக்கம் கொஞ்சம் போக தண்ணி பின்தங்குது, பார்க்கிறதுக்கு ரெண்டு பக்கமும் புடைச்ச மாதிரி ஆகுது. அதான் ஒரு நாளைக்கு ரெண்டு ஏற்றம் ரெண்டு வத்தல்.

இந்த வித்தியாசத்தை சுருக்கி ஒரு விதியா எழுதினா எடை நேரா ஏறும், தூரம் கூடினா அதோட க்யூபுக்கு (தூரத்தை மூணு தடவை பெருக்கினதுக்கு) இறங்கும். தூரம் பாதியானா ஓத விசை 8 மடங்கு. இந்த க்யூபை மனசுல வச்சுக்கோங்க, இனிமே எல்லாமே அதுலதான் நிக்குது. டெஸ்ட் பண்ணிப் பாருங்க, நிலா கிட்ட வரும்போது சுமார் 3,57,000 கிமீ, தள்ளிப் போகும்போது சுமார் 4,06,000 கிமீ. பெருசை சின்னதால வகுத்து க்யூப் பண்ணினா 1.47. வானத்துல பார்த்தா நிலா சைஸ்ல பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனா கடலுக்கு அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

இப்போ ஸ்டூலை எடுங்க. அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா, அவ ஒரு நாள் கேட்டா, "மாமா, நிலா எப்பவும் ஒரே பக்கத்தைத்தானே காட்டுது, அப்போ அது தன்னைத்தானே சுத்தவே இல்லையா?" வாயால சொன்னா புரியாது, எனக்கே புரியல ஒரு காலத்துல. ஹால் நடுவுல ஸ்டூலை போட்டேன், அதை பூமின்னு வச்சுக்கோ, முகம் எப்பவும் ஸ்டூலைப் பார்த்தே இருக்கணும், அப்படியே பக்கவாட்டுல நடந்து ஒரு சுத்து சுத்தி வான்னு சொன்னேன். அவ நடக்கும்போது முதுகுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு சொல்லிட்டே வரச் சொன்னேன். டிவி, ஜன்னல், சமையல்கட்டு வாசல், பீரோ, மறுபடி டிவி. நாலு சுவரும் வந்துடுச்சு. "அப்போ நானும் ஒரு சுத்து சுத்திட்டேன்ல"ன்னு அவளே சொல்லிட்டா. சுத்தாம நடந்திருந்தா, அதாவது முகத்தை டிவி பக்கமே வச்சுட்டு ஸ்டூலை வலம் வந்திருந்தா, ஸ்டூலுக்கு அவ முகம் பாதி நேரம் முதுகு பாதி நேரம் தெரிஞ்சிருக்கும். நிலா 27.3 நாள்ல பூமியை ஒரு சுத்து, அதே 27.3 நாள்ல தன்னை ஒரு சுத்து. அதனாலதான் வடை சுடுற பாட்டியை நம்ம பாட்டியும் பார்த்தாங்க, அவங்க பாட்டியும் அதே இடத்துல பார்த்தாங்க.

இதை டைடல் லாக்கிங்னு சொல்வாங்க. ஆனா பாட்டி அசையவே மாட்டான்னு நினைச்சுடாதீங்க, லேசா தலையை ஆட்டுவா, அதை நீங்களே பார்க்கலாம். பௌர்ணமி சாயங்காலம் நிலா கிழக்க ஏறும்போது மேல் விளிம்புக்கு பக்கத்துல, கொஞ்சம் இடது பக்கமா, மத்த கருப்புத் திட்டுகளோட ஒட்டாம தனியா ஒரு சின்ன முட்டை வடிவத் திட்டு இருக்கும் (நான் சொல்றது நம்ம ஊர்ல இருந்து பார்க்கிறப்போ). அதோட பேர் மாரே கிரிசியம். அதுக்கும் விளிம்புக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்குன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு தேதி போட்டு வைங்க, பைனாகுலர் இருந்தா இன்னும் நல்லது. சில மாசம் தொடர்ந்து பண்ணினா அந்த இடைவெளி கூடுறதும் குறையுறதும் தெரியும். நிலா தன்னைத்தானே சுத்துறது ஒரே வேகம், ஆனா பாதை நீள்வட்டம்ங்கிறதால கிட்ட வரும்போது வேகமாவும் தள்ளி இருக்கும்போது மெதுவாவும் ஓடுது, ரெண்டும் சரியா ஒத்துப்போகாம கொஞ்சம் முன்ன பின்ன ஆகுறதால விளிம்புல ஒளிஞ்சிருக்கிறது எட்டிப் பார்க்குது. கொஞ்சம் மேலயும் கீழயும் கூட சாயும். இந்த ஆட்டத்தாலதான் பூமியில இருந்து நிலாவோட பாதி மட்டும் இல்ல, மொத்தமா 59 சதவீதம் வரைக்கும் பார்த்துட முடியுது.

சரி, லாக் ஆனது எப்படி? ரெண்டு முட்டையையும் தரையில வச்சு ஒரே மாதிரி சுத்தி விடுங்க. வேக வச்சது பம்பரம் மாதிரி சுத்தும், பச்சை முட்டை தள்ளாடி சீக்கிரம் நின்னுடும். உள்ள இருக்கிறது குழம்புறதுல சுத்துற வேகம் சூடா கரைஞ்சு போகுது. கோளும் இப்படித்தான், கல்லா இருந்தாலும் முழுக்க கெட்டி இல்ல, ஓத விசை இழுக்கும்போது உடம்பே கொஞ்சம் புடைக்கும். தன்னைத்தானே வேகமா சுத்துற உடம்புல அந்தப் புடைப்பு இழுக்கிறவனுக்கு நேரா நிக்காது, உராய்வு இருக்கிறதால புடைச்சு அமுங்குறதுக்கு நேரம் எடுத்துக்கும், அதுக்குள்ள சுழற்சி அதை கொஞ்சம் முன்னாடி இழுத்துட்டுப் போயிடும். அந்த தள்ளி நிக்கிற புடைப்பை பிடிச்சு இழுத்து இழுத்துதான் சுழற்சிக்கு பிரேக் போடுது. ஆரம்பத்துல வேகமா சுத்தின நிலாவுக்கு பூமி இப்படி பிரேக் போட்டு நிறுத்திடுச்சு. இப்போ நிலா பூமிக்கு போட்டுட்டு இருக்கு, பூமி பெருசுங்கிறதால ரொம்ப மெதுவா. பூமியில இந்த உராய்வோட பெரும்பங்கு கடல்ல, அதுலயும் ஆழம் கம்மியான கடல்கள்ல தண்ணி தரையில உரசுறதுல நிறைய போகுது.

இப்போ வர்றதுதான் இந்த முழு விஷயத்துலயும் எனக்கு ரொம்ப பிடிச்ச சோதனை, ஒரே ஒரு கேள்வி. நிலா சுத்தி வர எடுக்கிற நேரம் பெருசா, கோள் தன்னைத்தானே சுத்துற நேரம் பெருசா?

பூமியை எடுத்துக்கோங்க. நாள் 24 மணி நேரம், நிலாவுக்கு 27.3 நாள். கோள்தான் வேகம். அப்போ புடைப்பு நிலாவை விட முன்னாடி ஓடுது, அந்த முன்னாடி நிக்கிற புடைப்பு நிலாவை முன்பக்கமா இழுக்குது, நிலாவுக்கு சக்தி கூடுது, உயரமான பாதைக்கு போகுது. விலகும். (முன்னாடி இழுத்தா வேகம் கூடணுமேன்னு தோணும், ஆனா உயரமான ஆர்பிட்ல ஓடுற வேகம் கம்மிதான், வாங்கின சக்தி உயரத்துக்கு போயிடுது.) செவ்வாயை எடுங்க. நாள் 24 மணி 37 நிமிஷம், ஆனா அதோட நிலா போபோஸ் 7 மணி 39 நிமிஷத்துல ஒரு சுத்து முடிச்சுடுது. இங்க நிலா கோளை முந்துது, புடைப்பு பின்தங்குது, பின்னாடி இழுக்குது. விழும். அதே செவ்வாயோட இன்னொரு நிலா டெய்மோஸுக்கு 30.3 மணி நேரம், 24.6 ஐ விட பெருசு, அதனால அது விலகும். ஒரே கோள், ஒண்ணு உள்ள வருது ஒண்ணு வெளிய போகுது!

எல்லைக்கோடு எங்க இருக்குன்னும் கண்டுபிடிக்கலாம். 24.62 ஐ 7.65 ஆல வகுங்க, 3.22. அதை ஸ்கொயர் பண்ணி க்யூப் ரூட் எடுங்க, 2.18. போபோஸோட தூரம் 9,376 கிமீ, அதால பெருக்கினா சுமார் 20,400 கிமீ. இந்தக் கோட்டுக்கு உள்ள பிறந்த நிலா விழும், வெளிய பிறந்தது விலகும். டெய்மோஸ் 23,460 கிமீல இருக்கு, கோட்டுக்கு கொஞ்சம் வெளிய தப்பிச்சுது.

ஒரு இடத்துல மட்டும் ஏமாறக்கூடாது. நெப்டியூனோட ட்ரைட்டனுக்கு 5.88 நாள், நெப்டியூன் நாள் 16 மணி நேரம், அப்போ விலகும்னு எழுதிடுவீங்க. ஆனா ட்ரைட்டன் கோள் சுத்துற திசைக்கு எதிரா ஓடுது. எதிர்த்திசையில ஓடுற நிலாவுக்கு புடைப்பு எப்பவும் பின்னாடிதான் இழுக்கும், அதனால நேரம் என்னவா இருந்தாலும் விழும். திசையை பார்த்துட்டுதான் நேரத்தை பார்க்கணும்.

நம்ம விடை சரியான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? அளந்திருக்காங்க. 1969ல அப்போலோ 11 நிலாவுல ஒரு பிரதிபலிப்புக் கண்ணாடித் தட்டை வச்சுட்டு வந்தாங்க, 1971ல அப்போலோ 14, 15ம் வச்சுது, சோவியத்தோட லூனகோட் வண்டிகள்லயும் இருக்கு. பூமியில இருந்து லேசர் அடிச்சா சுமார் 2.5 செகண்ட்ல திரும்பி வருது, அந்த நேரத்தை துல்லியமா அளந்தா தூரம் கிடைக்கும். நிலா வருஷத்துக்கு 3.8 செமீ விலகுது. ஆர்ம்ஸ்ட்ராங் அங்க நின்ன நாள்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் 2 மீட்டருக்கு மேல தள்ளிப் போயிருக்கு, ஒரு உயரமான ஆள் அளவு.

பூமி மெதுவாகுறதுக்கும் சாட்சி இருக்கு. பவளம் ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிசு கோடா வளரும், வருஷத்துக்கு ஒரு பட்டை மாதிரி தெரியும். ஜான் வெல்ஸ்னு ஒருத்தர் சுமார் 38 கோடி வருஷம் பழைய பவளப் புதைபடிவங்கள்ல அந்தக் கோடுகளை எண்ணி 1963ல எழுதினார், வருஷத்துக்கு சுமார் 400 கோடு. வருஷத்தோட நீளம் மாறல, 8,766 மணி நேரம்தான், 400 ஆல வகுங்க. 21.9 மணி. அப்போ ஒரு நாள் 22 மணி நேரம் கூட இல்ல.

இன்னொண்ணு, இதை கட்டாயம் நீங்களே போட்டுப் பார்க்கணும். கிமு 136 ஏப்ரல் 15, பாபிலோன்ல முழு சூரிய கிரகணம், களிமண் பலகையில எழுதி வச்சிருக்காங்க. நாளோட நீளம் நிஜத்துல நூறு வருஷத்துக்கு சுமார் 1.7 மில்லிசெகண்ட் கூடுது (ஓதம் மட்டும் இருந்தா 2.3 இருக்கும், பனியுகத்துல பனிக்கட்டி அமுக்கின நிலம் மறுபடி மேல எழும்புறதால பூமி கொஞ்சம் வேகமாகி அதுல கொஞ்சத்தை ஈடு கட்டிடுது). நம்ம 86,400 செகண்ட் நாள்ங்கிறது சுமார் 1820ல இருந்த நாள். கிமு 136ல இருந்து 1820 வரைக்கும் 1,955 வருஷம், அப்போ மொத்த மாற்றம் 33 மில்லிசெகண்ட், சராசரிக்கு அதுல பாதி 16.6. நாட்களோட எண்ணிக்கை 1,955 பெருக்கல் 365.25, அதாவது 7,14,000. பெருக்கினா 11,850 செகண்ட், 3.3 மணி நேரம். பூமி மணிக்கு 15 டிகிரி சுத்தும், அப்போ 49 டிகிரி. பூமி மெதுவாகாம ஒரே சீரா சுத்தியிருந்தா அந்த நிழல் பாபிலோன்ல விழுந்திருக்காது, 49 டிகிரி மேற்க ஸ்பெயின் பக்கம் போயிருக்கும். பாபிலோன்ல பார்த்து எழுதினவங்களுக்கு தாங்க பூமியோட பிரேக்கை அளந்து வைக்கிறோம்னு தெரிய வாய்ப்பே இல்ல, ஆனா நமக்கு அளந்து கொடுத்துட்டுப் போயிருக்காங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. 3.8 செமீயை அப்படியே பின்னாடி நீட்டி நிலா எப்போ பிறந்ததுன்னு கணக்கு போடாதீங்க. கிட்ட இருந்தப்போ விசை பயங்கரமா கூடியிருக்கும், அதை சேர்த்து இன்னிக்கு இருக்கிற உராய்வை வச்சு போட்டா நிலா 150 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமியோட ஒட்டிட்டு இருந்ததுன்னு வரும், ஆனா நிலாவுக்கு வயசு சுமார் 450 கோடி. கணக்கு தப்பு இல்ல, எடுத்துக்கிட்ட உராய்வுதான் தப்பு. கண்டங்கள் நகர நகர கடல்களோட வடிவம் மாறுது, இன்னிக்கு இருக்கிற கடல் அமைப்பு ஓதத்துக்கு ரொம்ப ஒத்து ஊஞ்சல் மாதிரி ஆடுறதால உராய்வு வழக்கத்தை விட அதிகம்.

அடுத்தது ஆறாம் அடுக்கு. புடைப்பை உண்டாக்க ஒரு க்யூப், அந்தப் புடைப்பை பிடிச்சு இழுக்க இன்னொரு க்யூப், ரெண்டையும் பெருக்கினா தூரத்தோட ஆறாவது அடுக்கு. பிரேக்கோட பலம் இதுதான். பூமி சூரிய தூரத்தை 1ன்னு வச்சா வெள்ளி 0.723, புதன் 0.387. ஒண்ணை இதால வகுத்து ஆறு தடவை பெருக்குங்க. வெள்ளிக்கு 7, புதனுக்கு சுமார் 300. கோளோட சைஸ், உள்ள என்ன இருக்குங்கிறதும் சேரும், ஆனா ஏன் புதன் மாட்டிக்கிச்சு நாம மாட்டலைன்னு இந்த ஒரு நம்பரே சொல்லிடும். 1995ல கண்டுபிடிச்ச 51 பெகாசி பி மாதிரி தன் நட்சத்திரத்தை 4.2 நாள்ல சுத்துற கோள் சுமார் 0.05 தூரத்துல இருக்கு, அதுக்கு போட்டா 6.4 கோடி வரும்! அந்த மாதிரி கோள்கள் எல்லாம் ஒரே பக்கத்தை காட்டும்னு எதிர்பார்க்கிறது இதனாலதான்.

வெள்ளி ஒரு தனிக் கதை, சூரியன் அதோட கனமான காத்து மண்டலத்தை சூடாக்குறதுல அந்தக் காத்துக்கும் ஒரு ஓதம் வந்து கோளை எதிர்த்திசையில தள்ளுது, கடைசியில 243 நாளுக்கு ஒரு தடவை தலைகீழா சுத்திட்டு இருக்கு.

புதனைத்தான் நிதானமா பார்க்கணும். ஷியாபரெல்லிங்கிற இத்தாலிய வானியலாளர் 1889ல புதன் 88 நாளைக்கு ஒரு தடவை தன்னைச் சுத்துது, நிலா மாதிரி ஒரே பக்கம்தான் சூரியனுக்குன்னு சொன்னார், எழுபது வருஷத்துக்கு மேல எல்லாரும் அதையே நம்பினாங்க. 1965ல போர்ட்டோ ரிக்கோல இருந்த அரெசிபோ ரேடார் வச்சு பெட்டென்கில், டைஸ் ரெண்டு பேரும் அளந்தா சுமார் 59 நாள்னு வந்துச்சு. கால்குலேட்டர்ல 58.646 ஐ 3 ஆல பெருக்குங்க, 87.969 ஐ 2 ஆல பெருக்குங்க. ரெண்டும் 175.94. சூரியனை ரெண்டு தடவை சுத்துறதுக்குள்ள தன்னை மூணு தடவை, துல்லியமா. ஏன் ஒண்ணுக்கு ஒண்ணு இல்ல? புதனோட பாதை நல்லா நீண்ட வட்டம், கிட்ட வந்தா 4.6 கோடி கிமீ, தள்ளிப்போனா 6.98 கோடி. வகுத்து க்யூப் பண்ணுங்க, 3.5. அப்போ ஓத விசை கிட்ட வர்ற அந்த கொஞ்ச நாள்லதான் சட்டையைப் பிடிக்குது, அந்த நேரத்துல ஓடுற வேகத்துக்கு ஏத்த மாதிரி சுழற்சி செட் ஆகிடுச்சு, மத்த நேரம் விட்டுடுது. புதன் கொஞ்சம் நீள் உருண்டையா இருக்கிறதால ஒவ்வொரு தடவை கிட்ட வரும்போதும் அந்த நீள அச்சு சூரியனுக்கு நேரா நிக்கும், ஒரு தடவை இந்த முனை, அடுத்த தடவை அந்த முனை. இதை முதல்ல விளக்கினவர் ஜுசெப்பே கொலம்போ. அங்க நின்னு பார்த்தா அந்த நாட்கள்ல சூரியன் வானத்துல நின்னு கொஞ்சம் பின்னாடி போய் மறுபடி முன்னாடி நகரும்.

இப்போ கட்டுக்கம்பி. ஒரே இடத்துல இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் வளைச்சுட்டு அந்த மடிப்பை தொட்டுப் பாருங்க, சுருக்குன்னு சுடும். (பார்த்து, உடைஞ்சா நுனி குத்தும்.) லாக் ஆன நிலா வட்டப் பாதையில போனா புடைப்பு மாறாது, வளையாத கம்பி, சூடு இல்ல. நீள்வட்டத்துல போனா கிட்ட வரும்போது கூட புடைக்கும், தள்ளிப் போகும்போது அமுங்கும், வளைக்கிற கம்பி. சாதாரணமா இந்த சூடே சக்தியை தின்னு பாதையை வட்டமாக்கிடும், அதோட கதை முடிஞ்சுடும். ஆனா வியாழனோட ஐயோவுக்கு 1.77 நாள், யூரோப்பாவுக்கு 3.55, கனிமீடுக்கு 7.15. ஒவ்வொண்ணும் முன்னதை விட ஏறக்குறைய ரெட்டிப்பு. அதனால வெளிய இருக்கிற ரெண்டும் தாளம் தப்பாம ஐயோவை தட்டிட்டே இருக்கு, பாதை வட்டமாகவே விடல. பீல், காசன், ரெனால்ட்ஸ் மூணு பேரும் இதை கணக்கு போட்டு ஐயோ உள்ள உருகியிருக்கும்னு 1979 மார்ச் 2ல சயின்ஸ் பத்திரிகையில எழுதினாங்க. மார்ச் 5ல நாசாவோட விண்கலம் வாயேஜர் 1 ஐயோவை கடந்துச்சு. அடுத்த சில நாள்ல அந்தத் திட்டத்துல வேலை பார்த்த லிண்டா மொராபிட்டோ ஒரு படத்துல ஐயோவோட விளிம்புல குடை மாதிரி எழும்பி நிக்கிற ஒண்ணை கவனிச்சாங்க, எரிமலை புகை. சுமார் ஒரு வாரம்தான், பேப்பர்ல போட்ட கணக்கு வானத்துல நின்னுச்சு. எனக்கு இதை எப்போ படிச்சாலும் புல்லரிக்கும்.

கடைசியா உடையுற எல்லை. எடுவார் ரோஷ் 1848ல கண்டுபிடிச்சது. கோளோட ஆரத்தை 2.44 ஆல பெருக்கி, கோளோட அடர்த்தியை நிலாவோட அடர்த்தியால வகுத்து க்யூப் ரூட் எடுத்து அதையும் பெருக்கணும். இதுக்கு உள்ள வந்தா தன்னோட சொந்த ஈர்ப்பால மட்டும் சேர்ந்து நிக்கிற எதுவும் பிய்ஞ்சு போயிடும். செவ்வாய்க்கு 3,390 பெருக்கல் 2.44, அடர்த்தி 3.93 ஐ 1.88 ஆல வகுத்து க்யூப் ரூட் எடுத்தா 1.28, மொத்தம் சுமார் 10,600 கிமீ. போபோஸ் 9,376ல இருக்கு, ஏற்கனவே உள்ள வந்துடுச்சு! இன்னும் உடையாததுக்கு காரணம் அதோட பொருளுக்குன்னு கொஞ்சம் பிடிப்பு இருக்கு. நூறு வருஷத்துக்கு 1.8 மீட்டர் இறங்குது, இறங்க இறங்க வேகம் கூடும், இன்னும் சுமார் 5 கோடி வருஷத்துக்குள்ள ஒண்ணு மோதும் இல்ல நொறுங்கி செவ்வாய்க்கு வளையமாகும். ஷூமேக்கர் லெவி 9 வால்மீன் 1992ல வியாழனுக்கு ரொம்ப கிட்ட போய் மணி கோத்த மாதிரி துண்டு துண்டாகி 1994 ஜூலைல அதுலயே விழுந்தது இதே விதிப்படிதான்.

இப்போ நீங்களா ஒண்ணு போடுங்க. புளூட்டோ தன்னைத்தானே சுத்த 6.39 நாள், அதோட நிலா சாரோன் புளூட்டோவை சுத்த 6.39 நாள், சாரோன் தன்னைச் சுத்தவும் 6.39 நாள். எது பெருசு? எதுவும் இல்ல. புடைப்பு முன்னாடியும் ஓடல பின்னாடியும் நிக்கல, நேரா நிக்குது. பாதையும் கிட்டத்தட்ட முழு வட்டம். விலகாது, விழாது, சூடாகாது. புளூட்டோவோட ஒரு பக்கத்துல நின்னா சாரோன் வானத்துல ஒரே இடத்துல, நம்ம நிலாவை விட பல மடங்கு பெருசா, உதிக்காம மறையாம தொங்கிட்டே இருக்கும். எதிர்ப்பக்கம் நிக்கிறவனுக்கு அப்படி ஒரு நிலா இருக்கிறதே தெரியாது.